பாடசாலை யாருக்குக் கணக்குச் சொல்கிறது?

எமது பாடசாலையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பெற்றாருக்கு ஒரு செய்தித்தாள் செல்கிறது. ஒரு பக்கத் தாள். கழிந்த வாரத்தில் நடந்தவை, வரும் வாரத்தில் நடக்க இருப்பவை, பெற்றார் செய்ய வேண்டியவை என்பன அதில் அடங்கும். ஆண் பிள்ளைகள் மட்டும் பயிலும் இடைநிலைப் பாடசாலை எமது. மாணவர் அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு செல்வர். கைத்தொலைபேசி உடைய பெற்றாருக்கு அதுவே படமாகவும் அனுப்பப்படும். தமிழ் கற்றுப் பட்டம் பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் அதனை எழுதும் பணி சில ஆண்டுகளாக எம் தலையிற் சுமத்தப்பட்டிருக்கிறது.

இவ்வளவு சிறிய தாளுக்கும் ஒரு வரலாறு உண்டென நாம் எண்ணியதில்லை. எண்ணும்படி செய்தவர் ஒரு தாய். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம். அதற்கு முன் ஓர் அளவுகோலை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு பாடசாலை தன் செயல்களை எவருக்கு எடுத்துரைக்கின்றதோ அவருக்கே அது கட்டுப்பட்டிருக்கிறது. எவருக்கு எடுத்துரைக்காது விடுகின்றதோ அவரை அது ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு யாழ்ப்பாணத்து ஆண்கள் பாடசாலைகளின் இருநூறு ஆண்டுக் கதையை நோக்கின், ஆண்டுவிழா மலர்கள் கூறாத சில உண்மைகள் புலப்படும்.

பொஸ்ரனுக்குப் போன செய்தி

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினறி ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானவியலும் கற்பித்த உயர்தரக் கல்விக்கூடமாக விளங்கிற்று. டானியல் பூர் அதன் முதல் அதிபர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இச்செமினறியின் மாணவர்களே. இதன் கல்விப் பணியைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், அங்கே பயின்ற பிள்ளைகளைப் பற்றிய செய்தி எங்கே சென்றது என்பதைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் விடுதியில் தங்கினர். உணவும் உடையும் மிசன் வழங்கிற்று. அதற்கான பணத்தை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் அனுப்பினர். ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. தாயும் தந்தையும் இட்ட பெயர் ஒருபுறம் கிடக்க, கடலுக்கு அப்பால் அப்பிள்ளை ஒருநாளும் கண்டிராத ஒருவரின் பெயர் இடாப்பில் ஏறிற்று. பாடசாலைகளின் நிலையும் மாணவரின் முன்னேற்றமும் மிசனரிமாரின் கடிதங்களாகக் கப்பலேறின. பொஸ்ரன் நகரில் வெளியான 'மிசனரி ஹெரால்ட்' ஏட்டில் அச்சாயின. செமினறியைப் பற்றிய மூவாண்டு அறிக்கைகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. மானிப்பாயிலும் சங்கானையிலும் ஏர் பிடித்த தகப்பனுக்காக அவ்வறிக்கைகள் எழுதப்படவில்லை. பணம் கொடுத்தவர் அவர் அல்லர். ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்கவில்லை.

1841ஆம் ஆண்டு சனவரியில் 'உதயதாரகை' தோன்றிற்று. செமினறியிற் கற்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர் அதன் ஆசிரியராய் இருந்தனர். ஒரு பாதி தமிழும் ஒரு பாதி ஆங்கிலமுமாக வந்த இவ்வேடு மிசனின் நோக்கத்துக்கு உட்பட்டதே. எனினும், அறிவுச் செய்தி ஒன்று தமிழில் அச்சாகி வீட்டுத் திண்ணைவரை வந்து சேரலாம் என்பதை யாழ்ப்பாணத்து மக்கள் அதன் மூலம் கண்டுகொண்டனர்.

1855இல் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி, கிராமத்தில் மதப்பணி செய்வோரை அல்ல, அரசாங்க உத்தியோகத்தரையே உருவாக்குகிறது என்று கண்ட தலைமைப் பீடம், றூபஸ் அண்டர்சனின் கொள்கை வழியே தாய்மொழிப் பள்ளிகளுக்குத் திரும்பிற்று. தாய்மொழிக் கல்வி நல்லதே. ஆனால் இத்தீர்மானம் பெற்றாரின் விருப்பத்திலிருந்து பிறந்ததன்று. தமக்கு வேண்டியது எது என்பதை அம்மக்கள் செயலிற் காட்டினர். உள்ளூர்ச் சுதேசிகளின் முயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டமை அதற்குச் சான்று.

பிடியரிசியும் அதன் எல்லையும்

பீற்றர் பேர்சிவலின் வெசுலியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பின் அதனின்று விலகிய ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடமே அச்சியந்திரமும் வந்தது. பாலபாடங்கள் அச்சாயின. வெளிநாட்டு நன்கொடையில்லாத பாடசாலை எவ்வாறு நடப்பது? வீடுதோறும் சேர்த்த பிடியரிசி ஒரு வழியாயிற்று. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பள்ளிக்கென வைத்த பெண், எழுத்தறியாதவளாயினும், அப்பள்ளியின் பங்காளியே ஆவாள். பள்ளி நடக்கிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று தெருவில் நின்று கேட்க அவளுக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பாடசாலையின் கணக்கு பொஸ்ரனிலிருந்து தெருவுக்கு இறங்கிய நிகழ்ச்சி இது.

ஆனால் எந்தத் தெருவுக்கு? இவ்வினாவை மறைத்தால் நாம் வரலாற்றுக்கு நேர்மையற்றவராவோம். சாதி வரம்பைத் தாண்டிச் செல்ல நாவலரின் இயக்கம் முயலவில்லை. பிடியரிசி எடுக்கப்படாத வீடுகளும், எடுக்கத் தகாதவை என ஒதுக்கப்பட்ட வீடுகளும் அதே யாழ்ப்பாணத்தில் இருந்தன. அவ்வீட்டுப் பெற்றாருக்குப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் அனுப்பிய செய்தி ஒன்றே ஒன்று: உன் பிள்ளைக்கு இங்கே இடமில்லை. அதனை அச்சிட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரே அதனை மனப்பாடமாக அறிந்திருந்தது.

வித்தியாதரிசியின் வருகை

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதன்பின் உதவி நன்கொடை முறை விரிவடைந்தது. பிள்ளைகளின் வரவையும் பரீட்சைப் பெறுபேற்றையும் அளந்து பணம் வழங்கும் முறை இங்கிலாந்திலிருந்து எம் நாட்டுக்கும் வந்தது. அன்று முதல் பாடசாலையின் கண் வித்தியாதரிசியின் வண்டி வரும் வழியையே நோக்கலாயிற்று. வரவு இடாப்பு அவருக்காக எழுதப்பட்டது. சம்பவத் திரட்டு அவருக்காகப் பேணப்பட்டது. அவர் வரும் நாளில் வராத பிள்ளைகளை வீட்டுக்குச் சென்று அழைத்துவந்த கதைகளை மூத்த ஆசிரியர்கள் கூற நாம் கேட்டிருக்கிறோம். பெற்றாரின் வாசலுக்கு ஆசிரியர் சென்றார், உண்மைதான். ஆனால் அவர் சென்றது செய்தி சொல்வதற்கன்று. தலை எண்ணிக்கையை நிரப்புவதற்கே.

இதே காலத்தில் ஆங்கில உயர்தரப் பாடசாலைகள் ஓங்கி வளர்ந்தன. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை மறுவருடம் ஆங்கிலத்தில் 'இந்து ஓர்கன்' ஏட்டையும் தமிழில் 'இந்து சாதனம்' ஏட்டையும் வெளியிடத் தொடங்கிற்று. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் கீழ் எழுந்தது. கிறித்தவப் பாடசாலையாயினும் சைவப் பாடசாலையாயினும் ஆங்கிலப் பள்ளிகளுக்கிடையே ஓர் ஒற்றுமை இருந்தது. அவை கட்டணம் அறவிட்டன. அவற்றின் மொழி ஆங்கிலம். 'யாழ்ப்பாணக் கல்லூரி மிசலனி' போன்ற சஞ்சிகைகள் ஆங்கிலத்திலே பாடசாலைச் செய்திகளைத் தாங்கி வந்தன. தவணை முடிவில் வீட்டுக்குச் சென்ற தேர்ச்சி அறிக்கையும் ஆங்கிலத்திலேயே அமைந்தது.

எம் பாட்டனார் ஒரு சிறு புகையிலைத் தோட்டக்காரரின் மகன். அவர் அடிக்கடி கூறிய நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். அறிக்கை வந்ததும் அவருடைய தந்தையார் அதனை எடுத்துக்கொண்டு சந்தியிலுள்ள தபாற்கந்தோருக்குச் செல்வாராம். தபாலதிபர் ஓய்வாக இருக்கும் நேரம்வரை வேலியோரம் காத்து நிற்பாராம். தபாலதிபர் வாசித்துப் பொருள் சொல்வார். பின்பு அத்தாள் மீண்டும் மடியில் ஏறும். தோட்டத்தை ஈடுவைத்துக் கட்டணம் கட்டிய மனிதர், தம் மகன் எப்படிப் படிக்கிறான் என்பதை அறிய மூன்றாவது மனிதரின் வாயை நம்பி நிற்கவேண்டியிருந்தது. பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டப்பட்டது. அவருக்கு விளங்காத மொழியில் காட்டப்பட்டது. குடியேற்ற ஆட்சியின் கல்விமுறையை இதனைவிடச் சுருக்கமாக விளக்குதல் இயலாது.

சம ஆசனமும் இலவசக் கல்வியும்

1924இல் மாணவர் மாநாடாகத் தொடங்கி வாலிபர் மாநாடாக வளர்ந்த இயக்கம் இந்நிலையை எதிர்த்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் தாய்மொழிக்காகவும் தேசிய விடுதலைக்காகவும் குரல் கொடுத்ததோடு சாதிக் கொடுமையையும் கண்டித்தனர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளிற் சம ஆசனம் என்ற கோரிக்கை எழுந்தபோது நிகழ்ந்தவை யாழ்ப்பாண வரலாற்றின் கறைபடிந்த பக்கங்கள். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் வாங்கிலே மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக அமர்வதைச் சகிக்காதோர் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தனர். அதற்குப் பின்னரும் வகுப்பறைச் சொல் சுட்டுக்கொண்டே இருந்தது. மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா, சாதியை இழித்து ஆசிரியர் கூறிய சொல்லினால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வெளியேறியவர் என்பதை வாசகர் அறிவர். 1950களின் பிற்பகுதியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகளை நிறுவ நேர்ந்ததென்றால், இலவசக் கல்வி வந்து பத்தாண்டு கடந்த பின்னும் பல பாடசாலைகளின் படலை திறக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இலவசக் கல்வியின் பெருமையை நாம் குறைக்கவில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்ரோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. பின்னர் அது படிப்படியாக இடைநிலை வகுப்புகளுக்கும் ஏறியது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. இந்நூலாசிரியரைப் போன்ற எத்தனையோ உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகப் படியை மிதித்தது இவற்றின் பயனே.

எனினும் எமது அளவுகோல் இங்கும் ஒரு வினாவை எழுப்புகிறது. பாடசாலை யாருக்குக் கணக்குச் சொல்லலாயிற்று? முகாமையாளரின் இடத்தில் திணைக்களம் வந்தது. மிசன் கந்தோருக்குச் சென்ற அறிக்கை கல்விக் கந்தோருக்குச் சென்றது. வரியின் வடிவில், வேர்வையின் வடிவில் செலவை ஏற்ற மக்களுக்குச் செய்தி சொல்லும் கடமை சட்டத்தில் வந்த அளவு பழக்கத்தில் வரவில்லை. பெற்றார் ஆசிரியர் சங்கங்களும் பின்னர் வந்த அபிவிருத்திச் சங்கங்களும் நல்ல நோக்கத்தோடு பிறந்தவை. அவற்றின் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்வோர் யார், கதவோரம் நிற்போர் யார், வாய் திறப்போர் யார் என்பதைக் கூட்டத்துக்குச் சென்ற எவரும் அறிவர். நாட்கூலி செய்பவர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி இல்லை. அவர் வராவிட்டால், அக்கறையற்றவர் என்று நாம் எழுதிவிடுகிறோம்.

மலையகத்தின் நிலை இன்னும் கடினமானது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்குச் சென்று மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு, பாடசாலை வேலைசெய்யும் நேரம் முழுவதும் கொழுந்தெடுக்கும் நேரமாகவே இருக்கிறது. பாடசாலை மூடிய பின்னரே அவர் கை ஓய்கிறது.

போரும் பெருநோயும்

போர்க்காலத்தில் செய்தியின் வழி மீண்டும் மாறிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. வேறொரு பாடசாலையின் கட்டிடத்தில் மாலை நேரத்திலும், கொட்டில்களிலும், மர நிழலிலும் வகுப்புகள் நடந்தன. அக்காலத்தில் தாள் அரிது. செய்தி வாய்வழியே சென்றது. எந்தக் குடும்பம் எந்த முகாமில் இருக்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தனர். ஏனெனில் அவர்களும் அதே முகாமில் இருந்தனர். துயரத்திலே பிறந்த அச்சமத்துவத்தைப் போற்றிப் பாட நாம் விரும்பவில்லை. ஆனால் ஆசிரியரும் பெற்றாரும் ஒரே வரிசையில் நிவாரண அரிசிக்கு நின்ற காலத்தில் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர் என்பது உண்மை.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருநோயினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடமும் செய்தியும் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. தொலைபேசி உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. இல்லாத பிள்ளைக்கு இல்லை. ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளும், அலைவரிசை தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளும் எல்லோரும் அறிந்தவை. 2022இல் பொருளாதாரம் சரிந்தது. அச்சிடத் தாளின்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நெருக்கடி சற்றுத் தணிந்த பின்னரும் தொலைபேசிக் குழுக்கள் நிலைத்துவிட்டன. செய்தி அனுப்புவது எளிதாயிற்று. எளிதான காரணத்தால், அது சென்று சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் ஒழிந்தது.

ஒரு தாயின் கேள்வி

இனி அத்தாயிடம் வருவோம். ஒரு திங்கட்கிழமை காலை பாடசாலைப் படலையருகே அவர் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் எமது செய்தித்தாள்கள், மடிப்புக் கலையாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அவர் வன்னியிற் பிறந்தவர். இடப்பெயர்வுகளிடையே மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். கணவர் இல்லை. மீன் கருவாடாக்கும் இடத்தில் கூலி வேலை. மேலிருந்த தாளை எடுத்து எம்மிடம் நீட்டி, "சேர், இதில என்ர மோன்ர பேர் அச்சில வந்திருக்காம். நல்லா விளையாடினதுக்குப் போட்டிருக்கினம் எண்டு சொன்னவன். ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார்.

தாளைப் பார்த்தோம். பெயர் இருந்தது. விளையாட்டுப் போட்டிக்கான பணத்தை இதுவரை செலுத்தத் தவறிய மாணவர் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது. எழுதியவர் நாமே.

நாம் அதனை வாசிக்கவில்லை. "உங்கள் மகன் நல்ல பிள்ளை, அம்மா" என்று மட்டும் சொன்னோம். அவர் மனம் மகிழ்ந்து, தாளை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு விரைந்தார். தாயின் மனம் நோகாதிருக்கப் பதினான்கு வயதுப் பையன் ஒரு பொய்யைக் கட்டினான். நாம் அதற்கு முத்திரை இட்டோம். அன்று எமக்கு நாணம் மேலிட்டது. ஆங்கில அறிக்கையை மடியிற் கட்டிக்கொண்டு தபாற்கந்தோர் வேலியோரம் நின்ற எம் பூட்டனாரும் இத்தாயும் ஒருவரே என்பது அன்றுதான் எமக்குப் புரிந்தது. தபாலதிபரோ உள்ளதை வாசித்தார். நாம் அதையும் செய்யவில்லை.

அன்றிரவு பழைய தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தோம். பெரும்பாலானவை பணத்தையும் கட்டளையையும் பற்றியவை. "கண்டிப்பாகச் சமுகமளித்தல் வேண்டும்", "தவறும் பட்சத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற தொடர்கள் வாரந்தோறும் வந்தன. எஞ்சியவை வெற்றிக் கேடயங்களும் விருந்தினர் வருகையும். பிள்ளைகள் அந்த வாரம் என்ன கற்றார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. சேர்த்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதும் இல்லை. பெற்றாரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது; ஆனால் மேலிருந்து கீழ் நோக்கிப் பேசும் தொனி போகவில்லை. தாய்மொழியில் எழுதினால் மட்டும் மக்களின் மொழியில் எழுதியதாகாது.

செய்யவேண்டியது யாது?

பெரிய சீர்திருத்தங்களைப் பற்றி ஆணைக்குழுக்கள் பேசட்டும். ஓர் ஆசிரியர் தம் கையாற் செய்யக்கூடியவற்றை மட்டும் கூறுகிறோம். எமது தாளில் இப்போது பணம் செலுத்தாதவர் பெயர் வருவதில்லை. இல்லாமையை அச்சிட்டு ஊருக்குக் காட்டும் உரிமை எந்தப் பாடசாலைக்கும் இல்லை. பணம் சேர்த்தால் அதன் வரவு செலவு அடுத்த தாளிலே வருகிறது. இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. வகுப்பில் அந்த வாரம் நடந்த பாடங்களை நான்கு வரியில் மாணவரே எழுதுகின்றனர். வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையில் தாளை வகுப்பில் வாசிக்கிறோம். வீட்டில் வாசித்துக் காட்டுவது மாணவரின் வேலை. மறைக்க வேண்டியது எதுவும் அதில் இல்லாதபோது பிள்ளை உள்ளதை உள்ளபடி வாசிப்பான். தாளின் அடியில் வெற்றிடம் ஒன்று உண்டு. பெற்றார் சொல்வதைப் பிள்ளை அதில் எழுதி வருகிறான்.

அத்தாயிடம் உண்மையைச் சொல்லச் சில வாரங்கள் பிடித்தன. அவர் கோபிக்கவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே சேர்" என்றார். பின்னொரு வெள்ளிக்கிழமைத் தாளின் அடியில், மகனின் கோணல் எழுத்தில், அவருடைய முதற் செய்தி வந்தது. இரவு வகுப்பு வைத்தால் தாமும் வந்து எழுதப் பழகலாமா என்று கேட்டிருந்தார்.

அதற்கு இன்னும் நாம் விடை அனுப்பவில்லை. பாடசாலைக் கட்டிடத்தை இரவில் திறப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். விண்ணப்பம் கல்விக் கந்தோரில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாகப் பாடசாலை பொஸ்ரனுக்கும் கந்தோருக்கும் கட்டணம் கட்டியோருக்கும் கணக்குச் சொல்லி வந்திருக்கிறது. இப்போது, கருவாட்டு வாடியிலிருந்து ஒரு பெண் அதனிடம் கேள்வி கேட்டிருக்கிறார். அவருக்கு விடை சொல்லும் கடமை எமக்குண்டு. ஆசிரியத் தோழர்களே, உங்கள் பாடசாலையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் தாளையும் ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அது யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது?